வளையத்துக்குள் நுழையும் பாபின்

“கையால் தைக்கும்போது ஊசி துணியின் அந்தப் பக்கம் முழுசாகப் போய்விட்டுத் திரும்புகிறது. மெஷினில் ஊசியின் நுனி மட்டும் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிவிடுகிறது. பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றிய கீழ் நூலோ ஒரு டப்பிக்குள் அடைந்து கிடக்கிறது. பிறகு இரண்டு நூலும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன?” புதிதாகத் தையல் பழகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு புகாரும்: “தலையணை உறை தைத்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டுவிடுகிறது. பாபின் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தைத் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை.”

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் புகாருக்குப் பாதி மருந்து கிடைத்த மாதிரி.

ஒரு புதிர் போலப் பாருங்கள். மேல் நூலின் ஒரு முனை துணியில் தைக்கப்பட்டுவிட்டது, மறுமுனை நூல்கண்டில். கீழ் நூலுக்கும் அதே கதி: ஒரு முனை துணியில், மறுமுனை பாபினில். முனை எதுவும் கைக்குக் கிடைக்காமல் இரண்டையும் பின்ன வேண்டும். சடை பின்னுவதற்குக்கூடக் கூந்தலின் நுனி அவிழ்ந்து கிடக்க வேண்டுமே! ஒரே வழிதான் உண்டு. மேல் நூலைப் பெரிய வளையமாக இழுத்து, பாபினையே அதில் சுற்றிய நூலோடும் டப்பியோடும் சேர்த்து அந்த வளையத்துக்குள் நுழைத்து மறுபக்கம் எடுப்பது. மெஷின் செய்வது இதைத்தான், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை. பாபின் இருந்த இடத்திலேயே இருக்கும்; வளையம்தான் அதன்மேல் சட்டை மாட்டுவது போல் வழுக்கிக்கொண்டு போகும்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1830இல் பிரான்சில் திமோனியே காப்புரிமை பெற்ற மெஷின் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போட்டது. அரிசி மூட்டையின் வாய்த்தையலும் சங்கிலித் தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் அவிழ்ந்துவிடும். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து. இரண்டு நூல் பூட்டுத்தையலை 1830களில் அமெரிக்காவின் வால்டர் ஹண்ட் செய்துகாட்டினார், காப்புரிமை கேட்கவில்லை. எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று வாங்கிக்கொண்டார். காட்டுவாசிகள் நுனியில் ஓட்டை போட்ட ஈட்டிகளோடு கனவில் வந்ததால்தான் ஊசியின் காதை நுனிக்கு மாற்றும் யோசனை ஹோவுக்கு வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே ஹண்ட்டின் மெஷினில் நுனிக்காது ஊசி இருந்தது. பட்டறையில் வருடக்கணக்காக உடைத்து உடைத்துச் சரிசெய்த உழைப்பை ஒரு ராத்திரிக் கனவுக்குத் தாரைவார்க்கும் இந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்திகூடத் தையல் மெஷினுக்கு மட்டும் 1924இல் விலக்குக் கொடுத்தார்.

இனி ஊசிக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கையூசிக்குக் காது தலைமாட்டில்; மெஷின் ஊசிக்குக் கால்மாட்டில். 14ஆம் நம்பர் ஊசி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தண்டின் தடிமன் 0.9 மி.மீ. தண்டின் ஒரு பக்கம் முழு நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். எதிர்ப்பக்கத்தில் காதுக்குச் சற்று மேலே செதுக்கி எடுத்தது போல் ஒரு சிறு குழிவு. ஊசியின் மேல்கட்டையில் சப்பையாக இருக்கும் பக்கமும் இந்தக் குழிவின் பக்கமும் ஒன்றே. நூல் பள்ளத்துப் பக்கமாகக் காதில் நுழைந்து குழிவுப் பக்கமாக வெளியே வர வேண்டும்.

ஊசி துணியைத் துளைத்து இறங்கும்போது இரண்டு பக்கமும் நூல் கூடவே இறங்கும். அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு ஊசி மேலே கிளம்புகிறது. பள்ளத்துப் பக்க நூலுக்குப் பள்ளத்தில் ஒளிய இடம் இருக்கிறது, துணி அதை உரசாது, ஊசியோடு மேலே போய்விடும். குழிவுப் பக்க நூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது ஊசிக்கும் துணிக்கும் நடுவே நசுங்கி நிற்கிறது. ஊசி ஏறினாலும் அதை ஏறவிடாமல் துணி பிடித்துக்கொள்கிறது. காது மேலே வருகிறது, நூலால் மேலே வர முடியவில்லை. எங்கே போகும்? பக்கவாட்டில் புடைக்கும். ஊசி 2 முதல் 2.5 மி.மீ. ஏறியதும் குழிவுப் பக்கத்தில் மட்டும் ஒரு குட்டி வளையம் திறக்கிறது. அந்த வளையத்தை யாரும் இழுத்து உண்டாக்கவில்லை. துணியின் உராய்வும் ஊசியில் வெட்டிய ஒரு பள்ளமும் போதும். தையல் மெஷினில் ஆகச்சிறந்த இடம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரியாக அந்த நொடியில், டப்பியைச் சுற்றி ஓடும் ஷட்டிலின் கொக்கி மூக்கு குழிவை உரசாத குறையாகக் கடக்கிறது. இடைவெளி ஒரு தாளின் தடிமன், ஏறத்தாழ 0.1 மி.மீ. மூக்கு வளையத்துக்குள் நுழைந்து அதை வாரிக்கொண்டு போகிறது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மெஷின்களில் ஷட்டில் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்த் திரும்பும். தொழிற்சாலை மெஷின்களில் முழுச் சுற்றாகவே ஓடும், ஒரு தையலுக்கு இரண்டு சுற்று. எப்படியானாலும் வளையத்தின் ஓர் இழை டப்பியின் முன்புறமாகவும் மற்றோர் இழை பின்புறமாகவும் வழுக்கி, டப்பியைத் தாண்டியதும் ஒன்றுசேர்கிறது. அது நடக்க வேண்டுமானால் ஷட்டிலும் டப்பியும் எதனோடும் இறுகக் கட்டப்பட்டிருக்கக் கூடாது. ஷட்டிலை ஒரு கவை பின்னாலிருந்து தள்ளுகிறது, பிடித்துக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே நூல் நழுவும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கறுப்பு மெஷின் ஓடும்போது கேட்கும் டக் டக் சத்தத்தில் பெரும்பங்கு, ஷட்டில் திசை மாறும்போது அந்த இடைவெளியில் கவை வந்து இடிப்பதுதான்.

கடைசியாக, மேல் நூலைக் கோத்துக்கொண்டு முகப்பில் ஏறி இறங்கி ஆடும் டேக்கப் லீவர் மேலே போய், டப்பியைத் தாண்டிய வளையத்தை உருவி இழுத்துத் துணிக்குள் இறுக்குகிறது. அடியில் பல் துணியை 2.5 மி.மீ. நகர்த்துகிறது. அடுத்த தையல்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டப்பியையும் ஷட்டிலையும் சுற்றிவர வளையத்துக்கு 6, 7 சென்டிமீட்டர் நூலாவது வேண்டும். ஆனால் 2.5 மி.மீ. தையல் ஒன்றில் செலவாகும் மேல் நூல் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் லீவர் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆக, நூலின் ஒரே இடம் துணியில் போய் உட்காருவதற்கு முன் ஏறத்தாழ 20 தடவை ஊசிக் காது வழியாக மேலும் கீழும் உரசிவிட்டு வருகிறது. கையால் தைக்கும்போது அறாத பழைய நூல் மெஷினில் அறுந்துகொண்டே இருப்பதன் காரணம் புரிகிறதா? காது சின்னதாகவோ ஓரம் பிசிறாகவோ இருந்தால் நூல் பஞ்சாகிவிடும். ஊசிக்கு ஏற்ற நூல்தானா என்று பார்க்க, தனியாக எடுத்த ஊசியில் நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் பெரிய நம்பர் ஊசி போடுங்கள். மெல்லிய மல் துணிக்கு 11, பாப்ளினுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஓர் ஊசிக்கு எட்டு மணி நேரத் தையல் என்பது வழக்கமான கணக்கு.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் போட்டு, பாபின் பக்கத்துத் தகட்டை நகர்த்தித் திறந்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மிதியில் கால் வேண்டாம். சிவப்பு வளையம் டப்பியை விழுங்கிவிட்டுப் போவது தெளிவாகத் தெரியும்.

அப்படியே அந்தச் சிவப்பு வெள்ளைத் தையலைத் திருப்பிப் பாருங்கள், வாசகியின் புகாருக்கு விடை கிடைக்கும். இரண்டு நூலும் கோக்கும் இடம் துணியின் தடிமனுக்கு நடுவில் ஒளிந்திருக்க வேண்டும். இரண்டு மடிப்புப் பாப்ளின் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒளிவதென்றால் இரு பக்க இழுப்பும் சமமாக இருக்க வேண்டும். இது கயிறு இழுக்கும் போட்டி. அடியில் சிவப்பு தெரிந்தால் கீழே இழுக்கிற அளவுக்கு மேலே இழுப்பு இல்லை என்று பொருள். கோளாறு அடியில் தெரிந்தாலும் காரணம் மேலே இருக்கும்! அதுவும் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் மேல் டென்ஷன் குறைவு என்பதைவிட, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் போகவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் ஓரத்தில் தொங்கும். பாதத்தைத் தூக்குங்கள், தட்டுகள் திறக்கும். அப்போது கோத்துவிட்டு இறக்குங்கள். டேக்கப் லீவரின் ஓட்டையை விட்டுவிட்டாலும் இதே கொத்துதான், வளையத்தை உருவி இழுக்க ஆள் இல்லையே.

பாபின் டப்பியின் குட்டித் திருகைத் தொட்டுவிட்டீர்கள், அதைச் சரிசெய்ய ஒரு வழி: நூலைப் பிடித்து டப்பியைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கினால் தளர்ச்சி. கையை லேசாக ஒரு தடவை உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நின்றால் சரி. கடிகார முள்ளில் பத்து நிமிடம் நகரும் அளவுக்குமேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

தையல் விட்டுவிட்டு விழுவது வேறு நோய். கொக்கி வரும் நேரத்தில் வளையம் இல்லை, அல்லது சின்னதாக இருக்கிறது. ஊசி வளைந்திருக்கலாம், திருப்பி மாட்டியிருக்கலாம், மேல்வரை ஏற்றாமல் விட்டிருக்கலாம். பனியன் துணியில் காரணம் அழகானது: ஊசி ஏறும்போது துணியும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்புகிறது. துணி எழும்பினால் நூலைக் கீழே பிடித்துவைக்க உராய்வு ஏது, வளையம் ஏது? நுனி உருண்டையான 11ஆம் நம்பர் ஊசி போட்டு, துணிக்கு அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடலாம்.

பொருமலோடு இன்னொன்று. ஷட்டில் தடத்தில் பஞ்சு அடைந்தாலும் எண்ணெய் காய்ந்தாலும் மேலே சொன்ன 0.1 மி.மீ. விளையாட்டெல்லாம் கெட்டுவிடும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளாக ஆக மெழுகாகும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், வைக்கட்டும். அன்று ஒரு பிரஷ் எடுத்து ஷட்டிலைச் சுத்தம் செய்தால் அதுவே நல்ல பூஜை. நூல் அறுந்தால் கண் பட்டுவிட்டது என்பவர்கள் ஊசியின் காதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டம் இருக்கிறது, நல்லது. கூடவே ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து ஊசியும் ஷட்டிலைக் கழற்றி மாட்ட ஒருநாள் பயிற்சியும் கொடுக்கச் செலவு அதிகம் ஆகாது. உராய்வுக்கு எடுத்துக்காட்டாகப் பாடப்புத்தகம் பிரேக்கைச் சொல்கிறது. இந்த ஊசியையும் சொல்லலாம்.

சரி, தலையணை உறை. 17×27 அங்குலத் தலையணைக்கு 44 அங்குல அகலப் பருத்தித் துணி 1.75 மீட்டர் எடுத்தால் இரண்டு உறை வரும். முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், தைத்தபின் சுருங்கினால் தலையணை நுழையாது. ஓர் உறைக்கு 18×62 அங்குலம் வெட்டுங்கள். குட்டை ஓரம் இரண்டையும் கால் அங்குலம் ஒரு தடவை, முக்கால் அங்குலம் ஒரு தடவை மடித்துத் தைத்தால் 60 அங்குலம் மிஞ்சும்: பின்பக்கம் 27, முன்பக்கம் 27, உள்மடிப்பு 6.

நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, முதலில் பின்பக்கத்து 27 அங்குலத்தை முன்பக்கத்தின்மேல் மடியுங்கள். அதன்மேல் 6 அங்குல மடிப்பைக் கவிழ்த்துங்கள். வரிசை மாறக் கூடாது. திருப்பும்போது முதலில் மடித்தது வெளியே வரும், பிறகு மடித்தது அதற்கு உள்ளே போய்விடும். மாற்றி மடித்தால் தலையணையை மூடிப் பிடிக்க வேண்டிய மடிப்பு வெளியே தொங்கும். இரண்டு நீள ஓரத்தையும் அரை அங்குலம் விட்டு, 2.5 மி.மீ. நீளத்தில் தையுங்கள். தொடங்கும்போது லீவர் உச்சியில் இருக்கட்டும். இரண்டு நூல் வாலையும் ஒரு விரல் நீளம் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போடுங்கள், இல்லாவிட்டால் வால் ஷட்டிலுக்குள் இழுபட்டு முதல் கொத்து அங்கேயே விழும். உறையின் வாய்ப்பகுதியில்தான் இழுப்பு அதிகம், அங்கே நாலு தையல் பின்னோக்கிப் போட்டு மறுபடி முன்னோக்கி.

தப்பாகத் தைத்துவிட்டால் ஒரு பக்க நூலை மட்டும் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு மறுபக்க நூலை இழுங்கள், முழுசாக உருவிக்கொண்டு வரும். முடிச்சு என்று நாம் சொல்வது வெறும் கோப்புதானே. சரியாக வந்திருந்தால் ஓரத்தை ஓவர்லாக் அடிக்கக் கொடுத்துவிடுங்கள், அல்லது 3 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை ஓட்டுங்கள். திருப்பி, மூலைகளை மழுங்கின பென்சிலால் தள்ளிவிட்டால் உறை தயார்.