பழைய மினியின் இன்ஜினுக்குள் காற்று போகும் வழி

1959 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளிவந்த மினிக்கு 848 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன். நாலு பேர் உட்கார்ந்து போகிற சிக்கனமான கார் என்றுதான் அலெக் இஸிகோனிஸ் அதை வடிவமைத்தார். ரேஸ் அவர் மனதில் இல்லை. ஆனால் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது அதன் கூப்பர் எஸ் வகை. பிரிட்டனின் பழைய கார் கிளப் பந்தயங்களில் மினியும், அதே ஏ-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஏ35-உம் இன்றைக்கும் தங்களைவிடப் பெரிய கார்களை வளைவுக்கு வளைவு துரத்துகின்றன. அவற்றில் பலவற்றுக்கு இன்ஜின் வேலை நடப்பது வீட்டுப் பின்புற ஷெட்டில்.

இந்தப் பந்தயங்களில் காசு இருக்கிறதென்று புதிதாக எதையும் மாட்டிவிட முடியாது. கிளப்புக்குக் கிளப் விதி மாறினாலும் சாரம் ஒன்றுதான்: அந்தக் காலத்தில் அந்தக் காருக்கு இல்லாதது இப்போதும் கூடாது. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மிச்சம் இருப்பது, உள்ளே இருக்கும் இரும்பைச் சரியான இடத்தில் சரியான அளவு தேய்த்தெடுப்பது.

பெட்ரோலை அதிகமாக ஊற்றுவது சுலபம், அதை எரிக்கக் காற்று வேண்டும். கூப்பர் எஸ்ஸின் 1275 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 318 சிசி. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரம் 5 மில்லி விநாடி. கிட்டத்தட்ட அந்த இடைவெளிக்குள் அவ்வளவு காற்றும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைத் தாண்டி, சிலிண்டருக்குப் போகும் பாதையான போர்ட்டுக்குள் வளைந்து, அதன் முடிவில் திறந்து மூடும் வால்வின் விளிம்பைச் சுற்றி நுழைந்தாக வேண்டும். எங்கே தடை அதிகமோ அங்கே குதிரைத்திறன் போய்விடுகிறது.

தடை எங்கே? புதிதாக வேலை தொடங்குபவர்கள் போர்ட்டின் வாயைப் பெரிதாக்கி, உட்சுவரைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்குவார்கள். பார்க்க அழகு, பலன் குறைவு. வாயை ரொம்ப அகலப்படுத்தினால் காற்றின் வேகம் விழுந்துவிடும். பிஸ்டன் கீழே போய் நின்ற பிறகும் ஓடிவந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகுமே, அந்த லாபமும் போச்சு. அதீத வழவழப்பும் காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் பக்கத்துக்கு ஆகாது. சுவரில் படியும் பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்க லேசான சொரசொரப்புதான் உதவும். உண்மையான இழப்பு நடப்பது வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்குச் சற்று முன்னால், போர்ட் சட்டென்று திரும்பும் இடத்தில். வேகமாகத் திரும்பும் பஸ்ஸில் நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வது போலக் காற்றும் வெளிச்சுவரை ஒட்டியே ஓடும். உள்வளைவில் ஓட்டம் சுவரை விட்டு விலகிச் சுழல் உண்டாகும். அந்த உள்வளைவின் முனையை மட்டும் மெதுவாக உருட்டி விட்டு, வால்வு சீட்டின் 45 டிகிரி விளிம்புக்கு மேலும் கீழும் வேறு கோணங்களில் மெல்லிய வெட்டு கொடுத்தால், கிடைப்பது பளபளப்பு தருவதைவிட அதிகம்.

ஏ-சீரிஸில் இன்னொரு தலைவலியும் உண்டு. நாலு சிலிண்டர், ஆனால் அவற்றை மேலே மூடும் ஹெட்டில் மொத்தம் ஐந்தே போர்ட்: இன்டேக்குக்கு இரண்டு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்டேக் போர்ட், 3, 4-க்கு இன்னொன்று. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது 2 காற்றை இழுத்த கையோடு, பாதிச் சுற்று (180 டிகிரி) தள்ளி 1 இழுக்க ஆரம்பிக்கிறது. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டுதான் கேம். பந்தய கேமில் இன்டேக் வால்வு 300 டிகிரி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 120 டிகிரிக்கு இரண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும். 2-க்குப் போக வேண்டிய கடைசி வாய்க் காற்றை 1 பிடுங்கிக்கொள்கிறது. 3-க்கும் 4-க்கும் இதே சண்டை. இதற்காகவே உள் சிலிண்டர்களுக்கு ஒரு நேரமும் வெளி சிலிண்டர்களுக்கு வேறு நேரமும் வைத்து கேம் அரைப்பவர்கள் இருக்கிறார்கள். தகராறு முழுக்கத் தீராது, குறையும்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது எரியும் முன் கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பது. ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிங் மெஷினில் சீவினால் எரியறை சுருங்கும், அழுத்தம் ஏறும். இங்கே கண் திட்டம் செல்லாது. ஹெட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, வால்வும் ஸ்பார்க் ப்ளக்கும் மாட்டி, அறையின் ஓரத்தில் கிரீஸ் தடவி, துளை போட்ட கண்ணாடித் தகடு ஒன்றை அழுத்தி மூடுகிறார்கள். அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட, கடைசிக் காற்றுக் குமிழி துளை வழியே வெளியேறும் நேரத்தில் பியூரெட் காட்டும் எண்தான் அறையின் அளவு. நாலு அறைக்கும் இதையே செய்து, சின்னதாக இருப்பவற்றைத் தேய்த்துப் பெரியதற்குச் சமமாக்க வேண்டும். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடான காஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலைக் குழி எல்லாம் சேர்த்து மேலே மிஞ்சும் இடம் 37.5 சிசி என்றால் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 9.5, அதை 32 ஆக்கினால் 11-ஐ நெருங்கும். ஐந்தரை சிசி, ஒரு டீஸ்பூனைவிடச் சற்றே அதிகம். பேராசைப்பட்டு இன்னும் சீவினால், தீப்பிழம்பு வந்து சேரும் முன்பே ஓரத்துக் கலவை சூட்டில் தானாக வெடிக்கும். அந்த நாக்கிங் பிஸ்டனைத் தின்றுவிடும். பெரிய வால்வு போட ஆசைப்பட்டாலும் விலை உண்டு: இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே இரும்பு மெலிந்துபோய், சரியாக அங்கேதான் விரிசல் விடும்.

சரி, இன்ஜின் தயார். முதல் வேகமான வளைவிலேயே ஆயில் பிரஷர் முள் விழும். இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்க, அதற்கடியிலேயே கியர்பாக்ஸும் இருக்க, இரண்டுக்கும் ஒரே ஆயில் என்பது மினியின் ஏற்பாடு. நீண்ட வளைவில் ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிவிட, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பேரிங் உலோகத்தோடு உலோகம் உரசாமல் மிதப்பதே ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் தயவில். படலம் அறுந்தால் பேரிங் போக அதிக நேரம் ஆகாது. உறிஞ்சு வாயை நடுப்பக்கம் கொண்டுவரும் குழாயைப் பொருத்துவதே இதற்குப் பழைய வைத்தியம். குதிரைத்திறனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் பலருக்கும் ஒரு இன்ஜின் போன பிறகுதான் நினைவுக்கு வரும்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம். வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்க முன் டயரும் வெளியே சாய்ந்து, ஓரத்தில் மட்டும் தரையைத் தொடும். அதை ஈடுகட்ட, நிற்கும்போதே சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்ந்திருக்கும்படி சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க் கையை நீட்டுகிறார்கள். மினியில் ஒன்றரை டிகிரி பரவலான தொடக்க அளவு. போதுமா என்று டயரையே கேட்கலாம். சில சுற்று வேகமாக ஓட்டி உள்ளே வந்த உடனே ஊசி வெப்பமானியை ரப்பரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். வெளி ஓரம் மட்டும் கொதித்தால் சாய்வு போதவில்லை. உள் ஓரம் ரொம்பச் சூடாக இருந்தால் அளவுக்கு மீறிவிட்டது. நடு மட்டும் சூடு என்றால் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.