ஆர்டர்கள் மீண்டும் வரும்போது ஆலை ஏன் தடுமாறுகிறது?

பொருளாதாரம் சரியும்போது ஆலைக்கு வேலை குறையும், பழுதுகளும் அவ்வளவாகக் கண்ணில் படாது. சிக்கல்கள் வெளியே வருவது தேவை மீளும் மாதங்களில்தான்.

முதல் காரணம் வெறும் கணக்கு. ஓர் இயந்திரம் தன் திறனில் 70 சதவீதம் ஓடும்போது 2 மணி நேரம் பழுதாகி நின்றால், 1.4 மணி நேர வேலை தேங்கும். மிச்சத் திறன் 30 சதவீதம் இருப்பதால் 5 மணி நேரத்துக்குள் அந்தத் தேக்கம் கரைந்துவிடும். 95 சதவீதத்தில் ஓடும்போது அதே பழுது வந்தால் 1.9 மணி நேர வேலை தேங்கும். கரைக்க மிச்சம் இருப்பது 5 சதவீதம் மட்டுமே என்பதால் 38 மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு பழுது வராது என்று யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது, மந்த காலத்தில் செய்த சிக்கனம். பராமரிப்பை நிறுத்தினால் விளைவு உடனே தெரியாது, அதனால் கத்தரி முதலில் அங்கேதான் விழும். உதிரிப்பாக இருப்பு குறையும், அனுபவமுள்ள ஃபிட்டர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இயந்திரம் சும்மா கிடந்தாலும் கெடும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் நிற்க, பக்கத்து இயந்திரங்களின் அதிர்வு அவற்றின் தடத்தில் சிறு பள்ளங்களைப் போட்டுவிடும். ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டிக்குள் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி எண்ணெயில் கலக்கும். தண்டை அவ்வப்போது சுற்றி வேறு நிலையில் நிறுத்தி வைத்தாலே பேரிங் பெரும்பாலும் தப்பும். செலவில்லாத இந்த வேலையைச் செய்யத்தான் ஆள் இருக்கமாட்டார்.

மூன்றாவது, சப்ளையர்கள். 2020 தொடக்கத்தில் விற்பனை விழுந்ததும் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை வெட்டின. சிப் ஆலைகள் அந்தத் திறனைக் கணினி, மின்னணுப் பொருள்களுக்குக் கொடுத்தன. ஆண்டின் பிற்பகுதியில் கார் தேவை மீண்டபோது வரிசையில் இடமில்லை. சிப்கள் உருவாகும் ஒரு சிலிக்கான் தகட்டின் உற்பத்தியை முடிக்கவே 3 மாதம் போல ஆகும். 2021 மார்ச்சில் ஜப்பானில் கார் சிப்கள் தயாரிக்கும் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தபோது, அந்த இழப்பைத் தாங்க உபரித் திறன் எங்கும் இல்லை. உலகெங்கும் கார் உற்பத்தி லைன்கள் நின்றன.

சிறு சப்ளையருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. மூலப்பொருளுக்கு இன்றே பணம் கட்ட வேண்டும், பில் தொகை வருவதோ 60, 90 நாள் கழித்து. கையிருப்பை மந்தநிலை கரைத்துவிட்டதால், ஆர்டர் நிரம்பி வழியும்போதே அவர் கடையை மூடும் நிலைக்குப் போகலாம். பெரிய ஆலைகள் விலையையும் தரத்தையும் கவனிக்கும் அளவுக்கு இதைக் கவனிப்பதில்லை. மீட்சியின் முதல் சில மாதங்களுக்கு முக்கியமான சப்ளையருக்குப் பணத்தை முன்கூட்டியே கொடுப்பது, லைன் நிற்பதைவிட மலிவு.