மட்ஃப்ளாப்பில் வளரும் பனிக்கட்டி

ஜனவரி மாதக் காலையில் டொராண்டோவின் ஏதாவது ஒரு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வாருங்கள். கார்கள் கிளம்பிப்போன இடங்களில் பழுப்பு நிறக் கட்டிகள் கிடக்கும். ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் அது எப்படி உருவானது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் டயரின் வளைவுக்குத் தக்கபடி குழிந்து, இழைத்ததுபோல் வழவழப்பாக இருக்கும். டயர் உரசி உரசிச் செதுக்கிய பக்கம் அது. மறுபக்கத்தில், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுக்கும் தகடான மட்ஃப்ளாப்பின் வரிகளும் திருகின் தலையும் அச்சாகப் பதிந்திருக்கும். உடைத்தால் உள்ளே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, அடுக்குகளுக்கு நடுவில் மணல்.

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள கட்டி ஒன்று ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்கும். காலையில் வண்டியை எடுக்குமுன் இதை உதைத்து உடைப்பதுதான் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மைனஸ் 18 டிகிரியில் உதைத்தபோது கட்டி அசையவில்லை, மட்ஃப்ளாப்தான் இரண்டாகப் பிளந்தது. இந்தக் கட்டியை எடுக்க வேண்டிய நேரம் காலை அல்ல. முந்தின நாள் மாலை, வண்டியை நிறுத்திய கையோடு.

முதலில் கட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கார் முன்னால் ஓடும்போது சக்கரத்தின் பின்பக்கம் தரையிலிருந்து மேல்நோக்கி எழுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 33 செ.மீ. ஆரமுள்ள டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் துளியைப் பிடித்து வைக்க அதன் எடையைப் போல சுமார் 240 மடங்கு விசை வேண்டும். அவ்வளவு பிடிமானம் எந்தப் பனிச்சேற்றுக்கும் கிடையாது, பிய்த்துக்கொண்டு பறக்கிறது. மட்ஃப்ளாப் இல்லாவிட்டால் அந்தச் சேறும் அதிலுள்ள கல்லும் மணலும் கதவின் கீழ்விளிம்பில் போய் அறையும். பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்புநீர் உட்கார்ந்தால் துரு பிடிக்க அதிக நாளாகாது. அதனால்தான், கட்டி சேர்கிறது என்று சொல்லி மட்ஃப்ளாப்பையே கழற்றி வைப்பதை நான் ஏற்கவில்லை.

இந்தத் தொல்லைக்கு மூலம் பனி என்பதைவிட உப்பு என்பதே சரி. வின்னிபெக்கில் மைனஸ் 30 டிகிரியில் விழும் காய்ந்த பனி மாவு மாதிரி பறந்துவிடும், எளிதில் ஒட்டாது. டொராண்டோ போன்ற நகரங்களில் சாலைக்கு உப்பு போடுகிறார்கள். கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன். உப்பு பனியை உருக்கிச் சேறாக்குகிறது, அந்தச் சேறுதான் மட்ஃப்ளாப்பில் ஒட்டுகிறது. ஓடும் வண்டியின் குளிர்காற்று பட்டதும் அதில் ஒரு பகுதி உறைகிறது.

ஒரு பகுதிதான் உறைகிறது என்பதைக் கவனியுங்கள். உப்புநீர் உறையும்போது பனிப்படிகம் உப்பை உள்ளே விடாது, வெளியே தள்ளிவிடும். மிஞ்சும் நீரில் உப்பு ஏற ஏற அது உறைவதற்கு இன்னும் குளிர் தேவைப்படுகிறது. எடையில் 3 சதவீதம் உப்புள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்வோம். மைனஸ் 5 டிகிரியில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் திரவம்தான். ஈர மணல் போலத்தான் இருக்கும், தட்டினால் உதிரும். அதே கட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஏழில் ஒரு பங்கே திரவம். மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே போனால் முழுவதும் திடம். பனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வழுக்கலாக இருந்த உப்புநீர்ப் படலமும் அப்படியே இறுகி, பிடி கெட்டிப்படுகிறது.

இரவில் கெட்டியாவது பனி மட்டுமல்ல. மட்ஃப்ளாப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால் அதற்கும் குளிர் ஆகாது. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனதும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசைய முடியாமல் விறைத்து, அடி பட்டால் வளையாமல் உடையும் நிலைக்கு அது வந்துவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த நிலை வர மைனஸ் 70 டிகிரி வரை போக வேண்டும். பாலியெத்திலீனும் கடுங்குளிரில் தாக்குப்பிடிக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் விலையையும் பளபளப்பையும் பார்க்குமுன் எந்தப் பொருளில் செய்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வளையும் மட்ஃப்ளாப்புக்கு இன்னொரு நன்மை உண்டு. பனிக்கு வளையத் தெரியாது. வண்டி நின்றதும் கையுறையோடு மட்ஃப்ளாப்பின் கீழ்விளிம்பைப் பிடித்து மெல்லப் பின்னால் வளைத்தால், ஒட்டிய முகத்தில் விரிசல் ஓடி, கட்டி தொப்பென்று விழும். விழாவிட்டால் பூட்ஸின் அடியால் கட்டியை மேலிருந்து கீழே அழுத்துங்கள். பின்னோக்கி உதைத்தால் அந்த விசை முழுவதும் மேலேயுள்ள திருகுகளைப் போய் இழுக்கும். வெந்நீர் ஊற்றவே வேண்டாம். கரைந்த தண்ணீர் காலடியில் உறைந்து உங்களையே வழுக்கிவிடும். காய்ந்த மட்ஃப்ளாப்பில் துணியால் வழுக்கும் சிலிக்கோன் தடவி வைத்தால் ஒட்டுவது குறையும். ஆனால் டயரிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

மாலையில் எடுக்க மறந்துவிட்டீர்களா? சரி, காலையில் கிளம்புமுன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரக் கட்டி டயரைத் தடுத்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். சாலையில் போகும்போது முதல் வளைவில் தெரிந்தால் ஆபத்து.

அப்புறம் ரிவர்ஸ். பனி வாரும் வண்டி போனபின் வீட்டு வாசலில் ஒரு பனி வரப்பு நிற்கும். பின்னால் எடுக்கும்போது பின்சக்கர மட்ஃப்ளாப்தான் முதலில் அதில் முட்டி, டயர் பக்கம் மடங்கும். இப்போது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுவதால் அதன் பின்பக்கம் கீழ்நோக்கி இறங்குகிறது. மடங்கிய மட்ஃப்ளாப்பை அது கவ்வித் தனக்கடியில் இழுத்துவிடும். மேலே ஒரு டன்னுக்கு மேற்பட்ட கார். திருகு, கிளிப் எல்லாம் ஒரே நொடியில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த வரப்பைச் சக்கரம் போகும் இரண்டு தடத்தில் மட்டுமாவது மண்வெட்டியால் வழித்துவிட்டு, அதன்பின் வண்டியைப் பின்னால் எடுங்கள்.