பீச் வேலை வருகிறது என்றால், எந்த மாதம் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

கடற்கரைத் திட்டங்களுக்கு அளவை எடுத்து, வரைபடம் போட்டு, மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். சிவில் படித்தவன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். நடைபாதை எங்கே, கழிப்பறை எங்கே, பார்க்கிங் எங்கே என்று முதல் கோடு போடுகிற ஆள் நான்தான். அதனால் தப்பும் என் மேஜையிலேயே ஆரம்பித்துவிடும்.

அப்படி ஒரு தப்பு. பாக் நீரிணைப் பக்கம் ஒரு மீனவக் கிராமம், பெயர் வேண்டாம். டிசம்பரில் அளக்கப் போனோம். வாடைக்காற்று முகத்தில் மணலை அள்ளி வீசியது. கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட இரண்டு வத்தை (சின்னப் படகு), அதன் நிழலில் ஒரு நாய். வேறு ஒன்றுமில்லை. தாளில் 'காலி இடம்' என்று எழுதி, அதன் மேல் பேவர் பிளாக் பார்க்கிங்கும் ஒரு வரிசை சிமெண்ட் பெஞ்சும் வரைந்தேன். வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் வேலை முடிந்து, மார்ச் மாதம் சரிபார்க்கப் போனால் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. கரை முழுக்கப் படகு. புது பேவர் பிளாக் மேல் நெத்திலி பரப்பியிருந்தது. சனிக்கிழமை என்பதால் மதுரைப் பக்கமிருந்து கார்கள் வேறு வரிசையாக வந்து நிற்க, டிரைவர்கள் ஹாரன் அடிக்க, ஒரு அக்கா அவசர அவசரமாகக் கருவாட்டைச் சாக்கில் வாரிக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"எங்க மாமியா காலத்துல இருந்து இதுதான் தம்பி நாங்க மீன் காயப்போடுற இடம். நீங்க வந்தப்ப நாங்க எல்லாரும் தெக்க கெடந்தோம்" என்றார்.

"யாரும் சொல்லலையேக்கா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சாக்கைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார், ஏற்றிவிட்டேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். பெண்கடல் எப்போதும் சாந்தம் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம். ஐப்பசியில் வாடை எழும்பினால் தை வரைக்கும் வடகரையில் அதன் ஆட்டம்தான். அந்த நேரம் தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் சோழகமும் கச்சானும் வீசத் தொடங்கினால் தெற்கே கொந்தளிக்கும், வடக்கே குளம் மாதிரி இருக்கும். முடிந்தவர்கள் படகைக் கடல் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, ஒரே கரை ஆறு மாதம் வெறும் மணல், ஆறு மாதம் தொழிற்கூடம். நாங்கள் அளக்கப் போகிற ஒரு வாரத்தில் இது தெரியாது. டெண்டர் தேதிக்குக் காற்று மாதம் எல்லாம் கணக்கில்லை.

கரைவலை இழுக்கிறவர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், நின்று செல்ஃபியும் எடுத்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை வளைத்துப் போட்டுக்கொண்டே போய், இன்னொரு நுனியை வெகு தூரம் தள்ளிக் கரையேற்றும். இரண்டு நுனியிலும் ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். கடைசியில் வலையின் பையான மடி கரைக்கு வரும்போதுதான் மீனா குப்பையா என்று தெரியும். இந்த வேலைக்குக் கரையின் நீளமும் வேண்டும், அகலமும் வேண்டும். பின்பக்கமாகவே நடக்கிற மனிதனுக்கு முதுகில் கண் கிடையாது. அவன் பாதையில் ஒரு விளக்குக் கம்பமோ, 'ஐ லவ்' என்று எழுதிய சிமெண்ட் எழுத்தோ நின்றால் அந்தப் பாடு, அதாவது அந்த வலை இழுப்பு, அன்றைக்கு இல்லை. (அந்த எழுத்துகள் இல்லாமல் இப்போதெல்லாம் எந்தத் திட்டமும் வருவதில்லை. அதற்கு எதிராக நான் ஒருமுறை வாதாடித் தோற்றேன்.)

சரி, அதற்காக எதுவுமே கட்டக்கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. வருகிறவர்களின் கஷ்டமும் கண்ணால் பார்த்ததுதான். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். முழுகி எழுந்த பெண்கள் ஈரச் சேலையோடு, நான்கு பேர் துண்டு பிடித்து மறைக்க நடுவில் உடை மாற்றுகிறார்கள். வயதானவர்கள் மணலில் கால் புதைந்து தடுமாறுகிறார்கள். கழற்றிய துணியைக் கடலிலேயே விட்டுப் போகிற வழக்கம் வேறு, அது வலையிலும் புரொப்பெல்லரிலும் போய்ச் சுற்றுகிறது. அங்கே உடை மாற்றும் அறையும், சாய்தளமும், துணி போடத் தொட்டியும் ஆடம்பரமே கிடையாது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், குளிக்கக் கூடாது. வடமாநிலத்துப் பயணிகள் இவ்வளவு பேர் வருகிற ஊரில் எச்சரிக்கைப் பலகையில் இந்தி இருக்க வேண்டும். படத்திலும் போட்டால் யாருக்கும் புரியும். மொழி அரசியலை அந்த ஒரு பலகையில் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

கழிப்பறைதான் பெரிய கதை. கட்டுவதற்கு நிதி வந்துவிடும். கழுவுகிற ஆளின் சம்பளம், மோட்டார் கரண்ட் பில், செப்டிக் டேங்க் லாரி வாடகை ஆகியவை திட்ட மதிப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் கழித்துப் போனால் பூட்டுத் தொங்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. உப்புக்காற்று ஒருபக்கம் தின்னும். கைப்பிடிக்கு 316 தரத்து எவர்சில்வர் எழுதினால், விலை குறைவு என்று 304 வந்து நிற்கும். பழுப்புப் புள்ளி விழ அதிக நாள் ஆகாது. உங்கள் ஊரில் பீச் வேலை என்றால் கட்டுமானச் செலவைக் கேட்காதீர்கள், அதைத்தான் போர்டில் எழுதி வைப்பார்களே. ஐந்து வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு, யார் கையில் என்று கேளுங்கள்.

அந்தக் கழிப்பறைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம். தனுஷ்கோடியில் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீரா? மழைநீர் மணல்மேட்டில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு. மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் உப்பு. பக்கத்தில் உறிஞ்சுகுழி வெட்டினால் கழிவு மணல் வழியாக நேராக அங்கேதான் போகும். ஆகவே இந்த மாதிரி இடத்தில் அடி மூடிய தொட்டியும் லாரியும்தான் சரி. மண் பரிசோதனை அறிக்கை கட்டிடத்தின் எடையை மணல் தாங்குமா என்று சொல்லும். பக்கத்தில் யாராவது ஊற்று தோண்டுகிறார்களா என்பது அதில் வராது. நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடியை வைத்து இன்னொன்று. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிப் பயணிகளைக் கொண்டுபோனவர்களுக்கு அதோடு சவாரி போனது. ஆனால் அதே சாலைதான் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பிரசவ வலிக்காரிக்கும் வழி ஆனது. சாலையோரம் மீன் பொரித்து விற்கிற அக்காக்களுக்கு வருமானம் வந்தது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சவாரி இழந்தவர்களுக்கு மாற்று என்ன என்று சாலை மதிப்பீட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது நீலக்கொடிப் பேச்சு வந்திருக்கிறது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு 33 நிபந்தனைகளைப் பார்த்துக் கடற்கரைகளுக்குக் கொடுக்கிற சான்று அது. தமிழ்நாட்டில் முதலில் கோவளம் 2021இல் வாங்கியது. எங்கள் அரியமானும் இதற்கு எடுக்கப்பட்ட கடற்கரைகளில் ஒன்று. அரியமான் தெரியும்தானே, உச்சிப்புளிப் பக்கம், சவுக்குத் தோப்பு நிழல், முழங்கால் ஆழத்துக்கு நெடுந்தூரம் நடக்கலாம். நிபந்தனைகளில் தண்ணீர்ப் பரிசோதனை, உயிர்காப்பாளர், கழிப்பறை எல்லாம் உண்டு, நல்லதுதான். என் பயம் 'சுத்தம்' என்ற சொல்லில்தான். கடற்புல் அடுத்தடுத்து ஒதுங்கிக் கரையில் மெத்தை மாதிரி கிடக்கும், கொஞ்சம் நாறும். ஒப்பந்தக்காரர் ஜேசிபியை இறக்கி அதையும் வாரி, பக்கத்தில் முளைத்திருக்கிற அடும்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் சேர்த்து வழித்துவிடுவார். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். அடுத்த வாடையில் மணல் போகும். போனதும் கல் கொட்டச் சொல்வார்கள். கல்லில் மோதித் திரும்புகிற அலை கல்லின் காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும், சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்த ஊர்க் கரை அரிக்கும். இதில் வேடிக்கை, இயற்கையாக ஒதுங்கும் பாசியையும் புல்லையும் தொந்தரவாக இல்லாதவரை கரையிலேயே விடச் சொல்வது அந்த நீலக்கொடி விதியேதான். பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்கினால் போதும்.

விளக்கும் அப்படித்தான். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட வரும். ஏறத்தாழ 50 நாள் கழித்து இரவில் வெளிவருகிற குஞ்சு, வெளிச்சமான பக்கம் கடல் என்று நினைத்து நகரும். உயரக் கம்பத்து ஹைமாஸ்ட் விளக்கு இருந்தால் பார்க்கிங்குக்குத்தான் போகும். முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து, மஞ்சள் ஒளியில் விளக்கு வைத்தால் நடக்கிறவருக்கும் வெளிச்சம் போதும். அரிச்சல்முனைப் பக்கம் 2025இல் பூநாரைகளுக்கென்று ஏறத்தாழ 525 ஹெக்டேரில் சரணாலயமே அறிவித்தாகிவிட்டது. இனி அங்கே விளக்கு வரைகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

சட்டம் கொஞ்சம். 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டுகிற எல்லை) கிராமப் பகுதியில் 200 மீட்டர் வரை பொதுவாகக் கட்டிடம் கூடாது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161ஐத் தாண்டிய இடங்களில் மட்டும் அது 50 மீட்டர். இந்த எல்லைக்குள் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடில் போன்றவற்றைத் தற்காலிகமாக வைக்கலாம், அதுவும் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி. 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டுக் கான்கிரீட் தூண் எழுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல் படுகை எல்லாம் இன்னும் கடுமையான பிரிவில் வரும். ராமேஸ்வரம் நகராட்சிக்குள் தள்ளுவண்டி, தரைக்கடை வைத்திருப்பவர்களுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்காமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது. வரைபடத்தைக் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வேலை தொடங்கிய பிறகு மறியல் செய்வதைவிட, மேஜையில் தாள் விரித்திருக்கும்போது வந்து சத்தம் போடுவது எங்களுக்கும் சுலபம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. கயிறு இழுக்கிற இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். கருவாட்டு வாடை பிடிக்கவில்லை என்றால் காற்று வருகிற பக்கம் போய் உட்காரலாம், கடற்கரை நீளமானது.

அந்தப் பார்க்கிங் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாதியைப் பெயர்த்துச் சாலைப் பக்கம் தள்ளினார்கள், மீதியில் இப்போதும் மீன் காய்கிறது. போன மாதம் தென்கரையில் புதிதாக ஒரு இடம் அளந்தோம். இந்த முறை கரைவலைச் சம்மாட்டி (வலையின் முதலாளி) ஒருவரைக் கூடவே அழைத்துப் போனேன். நான் சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டே போனேன், அவர் பின்னாலேயே வந்தார். ஒரு கொடியைப் பார்த்து நின்றார், பிடுங்கினார், மேட்டுப் பக்கம் நாற்பது அடி நடந்து போய்க் குத்தினார். "கச்சான்ல தண்ணி இது வரைக்கும் ஏறும்ல" என்றார். பையனைக் கூப்பிட்டு, புள்ளியை அங்கே எடுக்கச் சொன்னேன்.