மண் வெட்டுவதற்கு முன்பே தீர்மானமாகும் கட்டுமானம்

ஒரு கட்டுமானத் திட்டம் ஏன் தாமதமானது, ஏன் செலவு எகிறியது என்று கேட்டால் ஒப்பந்ததாரரின் அலட்சியம், ஆள் பற்றாக்குறை, பொருள்களின் விலையேற்றம், மழை என்று காரணங்கள் வரிசையாக வரும். அவை பொய்யல்ல. ஆனால் சிக்கலில் மாட்டிய திட்டங்களின் கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கும் பணி என் தொழிலில் அடிக்கடி வாய்க்கிறது. அப்போதெல்லாம் சிக்கலின் வேர் பெரும்பாலும் முதல் குழி தோண்டப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தென்படுகிறது. எடுக்காமல் விட்ட ஒரு முடிவு, செய்யாமல் விட்ட ஒரு மண் பரிசோதனை, பாதியில் நின்ற ஒரு வரைபடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அங்கே இருக்கும்.

இதற்கான காரணம் எளிமையானது. வரைபடத்தில் ஒரு தூணை இரண்டடி நகர்த்த ஒரு பொறியாளரின் சில மணி நேர உழைப்பு போதும். அதே தூணை அடித்தளம் போட்ட பிறகு நகர்த்த வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், மறுபடி கம்பி கட்ட வேண்டும், கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த வேலைக்கு வந்த குழு வேறிடம் போய்விடும். திட்டம் முன்னேற முன்னேற மாற்றத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது, செலவைக் குறைக்கும் வாய்ப்போ குறைந்துகொண்டே வருகிறது. எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு, எந்த வகைக் கட்டமைப்பு, எந்த வகை அடித்தளம் என்ற முதல் சில முடிவுகள்தான் மொத்தச் செலவின் பெரும்பகுதியைக் கட்டிப்போடுகின்றன. அவற்றை அவசரத்தில் எடுத்துவிட்டு, பின்னர் ஓடுகளின் தரத்தையும் கதவின் கைப்பிடியையும் குறைத்துச் செலவை மீட்கப் பார்ப்பது வீண் முயற்சி.

உலகறிந்த சான்று சிட்னி ஓபரா ஹவுஸ். அதன் கட்டுமானம் 1959 மார்ச்சில் தொடங்கியபோது, மேலே வரவேண்டிய, சிப்பி ஓடு போன்ற வடிவிலான கூரையை எப்படிக் கட்டுவது என்பதே முடிவாகவில்லை. அரசியல் ஆதரவும் நிதியும் கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில், வடிவமைப்பு முடியும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கும்படி அரசு வலியுறுத்தியது. கூரையின் ஓடுகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டிய துண்டுகளாக அமைக்கலாம் என்ற தீர்வு பிறந்தது 1961-இல்தான். அதற்குள் கீழே எழுப்பப்பட்டிருந்த தூண்கள் அந்தக் கூரையின் எடையைத் தாங்கப் போதாதவை என்று தெரிந்து, அவற்றை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்ட பணி 10.2 கோடி டாலரில் முடிந்தது. 1963-இல் திறப்பதாக எண்ணியிருந்த கட்டடம் 1973 அக்டோபரில் திறக்கப்பட்டது. கட்டடக்கலையின் பெருமிதங்களில் ஒன்றாக அது இன்று நிற்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுத் தாமதத்தைக் கலையின் விலை என்று சொல்லிக் கடந்துபோவதை ஏற்க என்னால் இயலவில்லை. மேலே எவ்வளவு சுமை வரும் என்று தெரியாமல் கீழே தூண் எழுப்பியதற்குக் கலை பொறுப்பாகாது.

முன்திட்டமிடல் வேகத்துக்கு எதிரி என்று நினைப்பவர்கள் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்க்கலாம். 1930 மார்ச்சில் வேலை தொடங்கி, 102 மாடிகள் கொண்ட அக்கட்டடம் 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. எந்த வரைபடம் எந்த நாளுக்குள் வரவேண்டும், எந்த எஃகுத் துண்டு எந்த நாளில் ஆலையிலிருந்து புறப்பட வேண்டும், எந்தத் தளத்துக்கு ஏற்றப்பட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே அட்டவணையாக வகுக்கப்பட்டிருந்ததே அந்த வேகத்தின் அடிப்படை. தளங்களில் சிறு தண்டவாளங்கள் அமைத்து, பொருள்களை வண்டிகளில் நகர்த்தியதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. பொருளாதார மந்தத்தால் ஆட்களும் பொருள்களும் மலிவாகக் கிடைத்தது செலவைக் குறைக்க உதவியது உண்மை. அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் மலிவு மட்டும் வேகத்தைத் தந்திருக்காது.

முன்கட்டத்தில் மிக எளிதாகக் கைவிடப்படுவது மண் பரிசோதனை. பக்கத்து மனையில் கட்டடம் நன்றாகத்தானே நிற்கிறது என்பார்கள். பக்கத்து மனையின் அடியில் என்ன இருக்கிறது என்பது உங்கள் மனையைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லிவிடாது. ஒரே மனைக்குள்ளேயே ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் பழைய குளத்தை நிரப்பிய மண்ணும் இருக்கக்கூடும். நான்கைந்து அடிக்குக் குழி தோண்டி எட்டிப் பார்ப்பதும் போதாது. அடித்தளம் மண்ணின் மீது செலுத்தும் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆழம் வரை கணிசமாக உணரப்படும் என்பதால், துளையிட்டுப் பார்க்கும் ஆழமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண்ணா, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மழைக்காலத்தில் அது எவ்வளவு உயர்கிறது ஆகியவற்றுக்கு விடை தெரியாமல் போடப்படும் அடித்தளம், ஒன்று தேவைக்கு மீறிப் பெரிதாகிப் பணத்தை விழுங்கும், அல்லது போதாமல் போய்ச் சில ஆண்டுகளில் சுவர்களில் சாய்வான விரிசல்களாக வெளிப்படும். பரிசோதனைக்கு ஆகும் செலவு அடித்தளத்தின் செலவில் மிகச் சிறிய பங்கு என்பதை ஒவ்வொரு உரிமையாளரிடமும் சொல்கிறேன். மண்ணுக்குள் போகும் பணம் கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே பலருக்கு அதில் மனம் வருவதில்லை.

அடுத்தது, வெவ்வேறு வரைபடங்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பது. கட்டடக் கலைஞரின் வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம், மின்சாரம், குடிநீர், கழிவுநீர், குளிரூட்டல் வரைபடங்கள் எல்லாம் தனித்தனியே சரியாக இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் மோதல் தெரியும். கழிவுநீர்க் குழாய் 60-க்கு 1 என்ற சரிவில் 12 மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்துக்கான இடத்தை அறையின் பொய்க்கூரைக்கும் அதற்கு மேலுள்ள பீமுக்கும் இடையில் முன்பே ஒதுக்காவிட்டால், கான்கிரீட் போட்ட பிறகு பிளம்பர் பீமைத் துளைக்கத் தொடங்குவார். கட்டமைப்பின் வலுவைக் கெடுக்கும் இத்தகைய துளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு வேறு வழி எதுவும் விடப்படவில்லை.

பெர்லினின் புதிய விமான நிலையத்தில் இதே குறை மாபெரும் அளவில் நேர்ந்தது. 2006-இல் பணி தொடங்கியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே முனையத்தின் வடிவமைப்பு மாற்றப்பட்டு விரிவாக்கப்பட்டது. 2012 ஜூனில் நடக்கவிருந்த திறப்பு விழா, தீ விபத்தின்போது புகையை வெளியேற்றும் அமைப்பு ஒழுங்காக இயங்காததால் சில வாரங்களுக்கு முன் நிறுத்தப்பட்டது. விமான நிலையம் 2020 அக்டோபர் 31 அன்றுதான் திறக்கப்பட்டது.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடம் முழுமையாகும் முன் தரப்படும் தொகை ஒரு உத்தேசம்தான். அதை உறுதியான தொகையாகக் கருதிக் கடன் வாங்குவதும் வாக்குறுதி அளிப்பதும் ஆபத்து. அரைகுறை வரைபடத்தை வைத்து டெண்டர் கோரினால், மிகக் குறைந்த தொகையைக் குறிப்பவர் பெரும்பாலும் வரைபடத்தில் விடுபட்டவற்றைக் கணக்கில் சேர்க்காதவராகவே இருப்பார். அந்த விடுபடல்கள் பின்னர் கூடுதல் வேலைகளாகத் திரும்பி வந்து, போட்டியே இல்லாத விலையில் செய்யப்படும். எந்தெந்த வேலை எவ்வளவு என்று குறிக்கும் அளவுப் பட்டியல் முழுமையாக இருந்தால்தான் விலைகளை ஒப்பிடுவதற்கே அர்த்தம் உண்டு. எதிர்பாராதவற்றுக்கென ஒரு தொகையையும் வெளிப்படையாக ஒதுக்கி, அதை யார் அனுமதியோடு எடுக்கலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

அனுமதிகள் கிடைக்க ஆகும் காலமும், லிஃப்ட், மின்மாற்றி போன்றவை ஆர்டர் கொடுத்த பிறகு வந்து சேர ஆகும் மாதங்களும் அட்டவணையில் முதலிலேயே இடம்பெற வேண்டும். இதில் விளக்க அதிகமில்லை, மறப்பவர்கள்தான் அதிகம்.

இத்தனையும் செய்த பிறகும் மாற்றங்கள் வரும். குடும்பத்திலோ நிறுவனத்திலோ பலர் பல திசைகளில் கருத்துச் சொல்லும் இடங்களில் அவை ஓயாமல் வரும். ஆகவே வேலை தொடங்கும் முன், இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது என்பதை ஒரே ஒரு பெயராக எழுதிக்கொள்ளுமாறு கேட்கிறேன். எந்த மாற்றமானாலும் அதனால் கூடும் செலவையும் நாள்களையும் தாளில் எழுதி, அந்த ஒருவர் கையெழுத்திட்ட பிறகே கட்டுமானத் தளத்துக்குப் போக வேண்டும். கொத்தனாரிடம் வாய்மொழியாகச் சொல்லி ஒரு சன்னலை இடம் மாற்றுவது அந்த வேளையில் சிறிய காரியமாகத் தோன்றும். அந்தச் சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கப் போக வேண்டிய லிண்டலின் கம்பிகளை அதற்குள் யாரோ பழைய அளவுக்கு வெட்டி முடித்திருப்பார்கள்.