கோ-ஆப், காண்டோ: ஓய்வுக்கால வீட்டுக்கான இரு சொற்கள்

நியூயார்க்கில் ஓய்வுக்காலத்துக்கு ஓர் அடுக்குமாடி வீடு தேடுகிறவர் முதலில் சந்திக்கும் இரண்டு சொற்கள் கோ-ஆப், காண்டோ. வெளியில் நின்று பார்த்தால் எது எது என்று தெரியாது. வேறுபாடு பத்திரத்தில் இருக்கிறது. காண்டோ வாங்கினால் அந்த வீடு உங்கள் பெயரில் பதிவாகும். படிக்கட்டு, மொட்டைமாடி, மனை ஆகியவற்றில் ஒரு பிரிபடாத பங்கும் சேர்ந்து வரும். கோ-ஆப்பில் வீடு உங்கள் பெயருக்கு வராது. மொத்தக் கட்டடமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அதன் பங்குகளை. அந்தப் பங்குகளின் பேரில் குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் நீண்டகாலக் குத்தகை கிடைக்கும். சட்டப்படி நீங்கள் அந்த நிறுவனத்தின் பங்குதாரர், கூடவே அதன் குடித்தனக்காரர்.

காண்டோ என்பது காண்டோமினியம் என்பதன் சுருக்கம். லத்தீனில் 'கோன்' என்றால் சேர்ந்து, 'தொமினியும்' என்றால் உடைமை, ஆளும் உரிமை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் வெகுகாலம் வீட்டைக் குறிக்கவே இல்லை. இரண்டு அரசுகள் ஒரு நாட்டைச் சேர்ந்து ஆள்வதற்குத்தான் அந்தப் பெயர். 1899 முதல் 1956 வரை பிரிட்டனும் எகிப்தும் ஆண்ட சூடான் ஒரு காண்டோமினியம். 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் ஆண்ட நியூ ஹெப்ரிடிஸ், அதாவது இன்றைய வனுவாட்டு, இன்னொன்று. வீட்டுக்கு இந்தப் பெயர் வந்து நிலைத்தது பிற்பாடுதான். 1958இல் புவேர்ட்டோ ரிக்கோ இதற்கென விரிவான சட்டம் இயற்றியது. அமெரிக்கப் பெருநிலத்தில் முதலில் யூட்டா 1960இல் தொடர, 1961இல் மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீடு காண்டோக்களுக்கும் விரிந்தது. நியூயார்க் சட்டம் 1964, கனடாவின் ஒன்டாரியோ சட்டம் 1967.

கோ-ஆப் அதைவிட மூத்தது. லத்தீனில் 'ஓபஸ்' என்றால் வேலை. சேர்ந்து வேலை செய்வது கோஆப்பரேட்டிவ், அதன் சுருக்கம் கோ-ஆப். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்கள் தொடங்கிய கடை வழியாக இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. நியூயார்க் வீடுகளில் இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, 1880களில் மன்ஹாட்டனின் வசதியானவர்கள் சேர்ந்து கட்டிய 'ஹோம் கிளப்' மாளிகைகள். மற்றொன்று உழைப்பாளிகளின் வேர். 1916இல் புரூக்ளினின் சன்செட் பார்க்கில் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள் ஒரு கூட்டுறவு வீட்டைக் கட்டி 'அல்கு' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் தொடக்கம் என்று பொருள். 1927இல் பிராங்க்ஸில் ஆடைத் தொழிலாளர் சங்கம் பெரிய குடியிருப்பு ஒன்றை எழுப்பியது. அந்த வழியில் வந்ததுதான் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட கோ-ஆப் சிட்டி.

சரி, வயதான காலத்தில் இந்த வேறுபாடு எங்கே உறைக்கும்? முதலில் நுழைவாயிலில். கோ-ஆப்பில் நிர்வாகக் குழு உங்கள் வரிக் கணக்கு, வங்கி இருப்பு எல்லாவற்றையும் பார்த்து, நேர்காணல் நடத்தி, காரணம் சொல்லாமலே மறுக்கலாம். இனம், மதம் போன்ற பாகுபாட்டுக்கு மட்டும் சட்டம் தடை போடுகிறது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. கட்டடத்தின் பேரில் உள்ள கடனும் சொத்துவரியும் மொத்தமாக நிறுவனத்தின் தலையில் நிற்பவை. ஒருவர் மாதப் பணம் கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். சேமிப்பு நிறைய இருந்தும் மாத வருமானம் குறைவாக உள்ள ஓய்வூதியர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

அடுத்தது வெளியேறும் வாசல். மகள் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போக நேர்ந்தால் காண்டோவை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் செலவைச் சமாளிக்க முடியும். பல கோ-ஆப்கள் வாடகைக்கு விடுவதைச் சில ஆண்டுகளோடு நிறுத்திவிடும், அல்லது அனுமதிப்பதே இல்லை. ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்பது குடியிருக்கும் வீட்டின் மதிப்பின் பேரில், மாதத் தவணை கட்டாமல் முதியவர் பெறும் கடன். 62 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசு காப்பீடு தரும் அந்தக் கடனும் கோ-ஆப் பங்குக்குக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற காண்டோவுக்கு உண்டு. பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள், எப்போது இடம் மாற நேரும் என்று தெரியவில்லை என்றால் நான் காண்டோவைத்தான் சொல்வேன்.

ஆனால் காண்டோ வாங்கினால் யாருக்கும் கட்டுப்பட வேண்டாம் என்று நினைப்பது ஆபத்து. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் காண்டோ ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்க உரிமையாளர்களிடம் 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவான சில மாதங்களிலேயே அது நடந்தது. அடுத்த ஆண்டு ஃபுளோரிடா புதுச் சட்டம் போட்டது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள பழைய காண்டோக்களுக்குக் கட்டமைப்புச் சோதனை கட்டாயம்; பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதியை முன்போல் எளிதாகத் தள்ளிப்போட முடியாது. நிலையான வருமானத்தில் வாழ்ந்த பலருக்கு அந்தச் செலவு திடீரென்று வந்து விழுந்தது. எதை வாங்கினாலும் கட்டடத்தின் சேமிப்பு நிதிக் கணக்கை முதலில் கேளுங்கள்.

கோ-ஆப்பின் நல்ல முகத்தைக் காண மன்ஹாட்டனின் பென் சவுத் குடியிருப்பைப் பார்க்க வேண்டும். 1962இல் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் எழுந்தது, 2,820 வீடுகள். வந்தவர்கள் அங்கேயே மூப்படைந்தார்கள். 1986இல் அவர்களுக்காக உள்ளேயே சமூகப்பணியாளர், செவிலியர் உதவி ஏற்பாடானது. பின்னர் பல ஊர்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. மின்னசோட்டாவின் ஈடைனாவில் 1978 முதலே முதியோருக்கென்று தனி கோ-ஆப் இயங்குகிறது. துணையின்றி வாழும் முதியவருக்கு இப்படி ஓர் இடம் அமைந்தால் வீட்டின் மறுவிற்பனை விலையைவிட அது பெரிது என்பேன்.

இனி தமிழ்ச் சொல். கோ-ஆப்புக்குக் கூட்டுறவு என்பது நன்கு வேரூன்றிய சொல். 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணிச் சங்கம் தொட்டுப் பழகியது நமக்கு. நியூயார்க் வகையைக் 'கூட்டுறவுப் பங்கு வீடு' என்றால் வாங்குவது பங்கு என்பது விளங்கும். ஒன்டாரியோவுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே கோ-ஆப் என்றால் பொதுவாக லாபநோக்கற்ற குடியிருப்பு. மாதக் கட்டணம் செலுத்தி உறுப்பினராக இருக்கலாம், விற்க எதுவும் இல்லை. அதைக் 'கூட்டுறவுக் குடியிருப்பு' என்றே விடலாம்.

காண்டோவுக்கு இலங்கை அரசு வழக்கில் 'கூட்டாதனம்' இருக்கிறது. ஆதனம் என்றால் சொத்து. சிங்கப்பூரில் 'கூட்டுரிமை வீடு' என்றும் எழுதுகிறார்கள். வீடு தனியுடைமை, பொது இடம் மட்டுமே கூட்டு என்பதை இரண்டுமே முழுதாகச் சொல்லவில்லை, லத்தீன் மூலத்தைப் போலவே. இருந்தாலும் உரிமை என்பதை அழுத்துவதால் எனக்குக் கூட்டுரிமை வீடே பிடிக்கிறது. கோ-ஆப்பின் மாதத் தொகையையும் காண்டோவின் மாதத் தொகையையும் 'பராமரிப்புக் கட்டணம்' என்று ஒன்றாக எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். முன்னதில் சொத்துவரியும் கட்டடக் கடன் தவணையும் அடங்கும். காண்டோக்காரர் தன் வரியையும் கடனையும் தனியே கட்டுகிறார். அதனால் முதலாவதை 'மாதப் பங்களிப்பு' என்றும், இரண்டாவதைப் 'பொதுச் செலவுக் கட்டணம்' என்றும் எழுதலாம்.