மியூல்: இணைமாறிய நாணயம்

நாணயத்தின் தலைப்பக்கத்துக்கு ஓர் அச்சு, பூப்பக்கத்துக்கு ஓர் அச்சு. சேரக் கூடாத இரண்டு அச்சுகள் ஒரே வில்லையில், அதாவது எதுவும் பதியாத வெறும் உலோகத் தட்டில், பதிந்துவிட்டால் அந்தக் காசுக்கு ‘மியூல்’ என்று பெயர். வேறு மதிப்புக்குரிய அச்சு, வேறு நாட்டு அச்சு, கைவிடப்பட்ட பழைய அச்சு என எது வந்து சேர்ந்தாலும் மியூல்தான். அச்சுகள் இரண்டும் சரியாக இருந்து வில்லை மட்டும் மாறியிருந்தால் அது மியூல் ஆகாது. அது வேறு வகைப் பிழை.

ஆங்கிலத்தில் மியூல் என்றால் கோவேறு கழுதை. லத்தீனின் ‘மூலஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ‘மூலம்’ என்பதோடு இதற்கு உறவில்லை. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்தது என்பதால், இருவேறு வகைகள் கூடி உண்டான மற்றவற்றுக்கும் இந்தப் பெயர் பரவியது. 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் இருவகை நூற்பு எந்திரங்களின் அமைப்பை இணைத்துச் செய்த எந்திரமும் ‘மியூல்’தான்.

தமிழில் இவ்விலங்குக்குப் பழைய பெயர் அத்திரி. சிலப்பதிகாரத்தில் கோவலன் கடலாடப் போவது அத்திரி ஏறித்தான். ‘கோவேறு கழுதை’யைப் பிரித்தால் கோ, ஏறு, கழுதை, அரசர் ஏறும் கழுதை. இந்தப் பெயர் ஏறியவரைச் சொல்கிறது, கலந்து பிறந்ததைச் சொல்லவில்லை. அதனால் நேர்மொழிபெயர்ப்பு நாணயத்துக்குப் பொருந்தாது. ‘கலப்பு நாணயம்’ என்றால் உலோகக் கலவை நினைவுக்கு வரும். ‘இரட்டை அச்சு’ என்றால் ஒரே உருவம் இருமுறை பதிந்த பிழையோடு குழம்பும். மாறியது அச்சுகளின் இணை. எனவே ‘இணைமாறிய நாணயம்’ என்பதே சரியான சொல் என்பது எங்கள் கருத்து, சுருக்கமாக ‘இணைமாறி’.

இணை எப்படி மாறுகிறது? அச்சு தேயும், விரிசல் விடும். அப்போது அதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். இரண்டு நாணயங்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், கிடங்கிலிருந்து எடுத்த தவறான அச்சும் எந்திரத்தில் தடையின்றிப் பொருந்திவிடும். ஆஸ்திரேலியாவின் 10 சென்ட் 23.6 மி.மீ., 1 டாலர் 25 மி.மீ. 2000ஆம் ஆண்டின் சில 1 டாலர் காசுகளில் 10 சென்டின் முகப்பு அச்சு, அதாவது தலைப்பக்க அச்சு, இப்படித்தான் விழுந்தது. அச்சு சிறியது, வில்லை பெரியது. ஆகவே அரசி எலிசபெத்தின் தலையைச் சுற்றி விளிம்பு இரட்டையாகத் தெரியும். அதே ஆண்டு அமெரிக்காவில் கால் டாலரின் வாஷிங்டன் முகப்பும் சகாஜவேயா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவம் கொண்ட டாலரின் பின்புறக் கழுகும் ஒரே காசில் சேர்ந்தன.

அளவு முற்றிலும் ஒத்துப்போனால் கண்டுபிடிப்பது கடினம். பிரிட்டனின் 20 பென்ஸில் ஆண்டு எண் முன்பு பின்புறம் இருந்தது. 2008இல் பின்புறத்துக்குப் புதிய கேடயச் சித்திரம் வந்தபோது ஆண்டை முகப்புக்கு மாற்றினார்கள். புதிய பின்புறத்தோடு பழைய முகப்பு அச்சு சேர்ந்துவிட்டதால், இரு பக்கமும் ஆண்டே இல்லாத காசுகள் புழக்கத்துக்குப் போயின. உலோகம், எடை, விளிம்பு எதிலும் குறை இல்லை. எழுத்தைப் படித்தால்தான் பிழை தெரியும். நாடே மாறியதும் உண்டு: 1967இல் தசம நாணய முறைக்கு மாறிய நியூசிலாந்துக்காக அடித்த 2 சென்ட் சிலவற்றின் முகப்பில் ‘பஹாமா தீவுகள்’ என்று இருக்கிறது.

போலிகள் ஏராளம். ஒரு காசின் உட்புறத்தைக் கடைந்தெடுத்து, இன்னொன்றை மெல்லியதாகச் சீவி உள்ளே பொருத்தியவை அவை. வித்தைக்காரர்கள் இருபுறமும் தலை வைப்பது இந்த முறையில்தான். ஒட்டு விளிம்பின் பக்கவாட்டில் இருக்காது. பெரும்பாலோர் அங்கே தேடித்தான் ஏமாறுகிறார்கள். தட்டையான பரப்பு விளிம்போடு சேரும் உள்மூலையை, 10 மடங்கு உருப்பெருக்கியின் கீழ் காசைச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். முழு வட்டமாக மயிரிழைக் கோடு ஒரு பக்கத்தில் மட்டும் ஓடினால் அது ஒட்டுக் காசு. விரல்நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினால் ஓசையும் மழுங்கியே வரும். பிறகு 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். உண்மையான இணைமாறி, தான் அடிக்கப்பட்ட வில்லையின் எடையில் இருக்கும். மேற்சொன்ன அமெரிக்கக் காசு டாலர் வில்லையில் அடிக்கப்பட்டதால் 8.1 கிராம். எடை சரியாக இருப்பது மட்டும் போதாது, ஒட்டுக் காசையும் அதே எடைக்குக் கொண்டுவர முடியும்.